495 மைக்ரோன்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பை இருக்கிறது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், என்னுடைய ஓ.எல். பெறுபேற்றுத் தாள் எல்லாம் அதற்குள். அவற்றோடு ஒரு கண்ணாடிப் பெட்டியும் இருக்கும். நான் போட்டிருக்கும் கண்ணாடியின் அதே பவரில் இன்னொன்று. 2009க்குப் பிறகு அம்மா எனக்கு ஒற்றைக் கண்ணாடி செய்வித்ததே இல்லை, எப்போதும் இரண்டு. பவர் மாறினால் பைக்குள் இருப்பதும் மாறும்.

அந்த வருடம், வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்கள், எனக்குப் பதின்மூன்று வயது. மாத்தளனில் ஒரு இரவு, பங்கருக்குள் இறங்குகிற அவசரத்தில் கண்ணாடி கழன்று விழுந்தது. விடிந்ததும் தேடினோம். மண்ணுக்குள் ஒரு பக்கப் பிடி மட்டும் கிடைத்தது. எனக்கு அப்போது மைனஸ் மூன்றரை. அதாவது 28 சென்ரிமீற்றருக்கு அப்பால் எல்லாம் கரைந்த நிறங்கள்தான். ஒரு அடிமட்டத்தின் நீளம்கூட இல்லை. நாங்கள் நடந்து வெளியேறிய அன்று, அம்மாவின் சட்டை முதுகில் இருந்த பெரிய மஞ்சள் பூவைப் பார்த்தபடியே நடந்தேன். பூ பூவாகத் தெரிந்தால் பக்கத்தில் இருக்கிறேன். வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் பின்தங்கிவிட்டேன், ஓட வேண்டும். பிறகு செட்டிகுளம் முகாமில் புதுக் கண்ணாடி கிடைக்கும்வரை, தண்ணீர் வரிசையில் நிற்கும் அம்மாவைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

லேசர் செய்து கண்ணாடியைக் கழற்ற ஆசை என்று சொன்னால், "உனக்குக் கண்ணாடி வடிவாத்தானே இருக்கு" என்பார்கள். வடிவுக்காக நான் ஆசைப்படவில்லை. கண்ணாடி இல்லாமல் ஓட வேண்டி வந்தால் என்ன செய்வேன் என்பதுதான் என்னுடைய கேள்வி. வன்னியில் என் வயதுக்காரர் பலருக்கும் அந்தக் கேள்வி மனதின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எங்கள் பக்கம் "கண்ணுக்கு லேசர் அடிக்கிறது" என்று ஒரே பெயரில் சொல்வது ஒரே வைத்தியம் அல்ல. அம்மம்மாவுக்குச் சீனி வருத்தத்தால் விழித்திரை பழுதாகத் தொடங்கியபோது லேசர் அடித்தார்கள். அது உள்ளே இரத்தம் கசியாமலும் புதிய குழாய்கள் முளைக்காமலும் தடுப்பதற்கு. வெண்புரை சத்திரசிகிச்சை செய்த சிலருக்கு, வைத்த லென்ஸின் பின்படலம் சில காலத்தின் பின் மங்கும். அதில் ஒரு துளை திறக்கவும் லேசர்தான். நான் எழுதப்போவது மூன்றாவது வகை. கண்ணாடிப் பவரைக் குறைக்கிற லேசர். அது கண்ணின் முன்பக்கத்தை மட்டுமே தொடுகிறது.

என் மாமாவுக்கு ஆனந்தபுரத்தில் எறிகணைத் துண்டு பட்டு இடது கண் பார்வை போனது. நான் கொழும்புக்குப் போகிறேன் என்றதும், "என்ர கண்ணுக்கும் லேசர் அடிச்சா வருமோ எண்டு கேட்டுக்கொண்டு வா பிள்ளை" என்றார். கேட்டேன். வராது. காயப்பட்ட விழித்திரையையும் கண் நரம்பையும் இந்த லேசர் திருப்பித் தராது. அதை மாமாவிடம் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். நம்பிக்கையை விற்றுப் பணம் வாங்குபவர்களிடம் அவர் போய்விடக் கூடாது.

சரி, இந்த லேசர் என்ன செய்கிறது? கண்ணின் கறுப்புப் பகுதிக்கு மேலே மணிக்கூட்டுக் கண்ணாடி போல ஒரு தெளிந்த மூடி இருக்கிறது. கருவிழிப் படலம். அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. கண்ணுக்குள் வரும் ஒளியை வளைக்கிற வேலையில் மூன்றில் இரண்டு பங்கு இந்தப் படலத்துடையது. குறும்பார்வை, அதாவது என்னைப்போல மைனஸ் பவர், உள்ளவர்களுக்குக் கண் நீண்டிருக்கும், அல்லது இந்தப் படலம் கூடுதலாக வளைந்திருக்கும். அதனால் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். படலத்தின் நடுப்பகுதியைக் கொஞ்சம் செதுக்கித் தட்டையாக்கினால் குவியும் இடம் பின்னுக்குப் போகும். கண்ணாடியின் வேலையைக் கண்ணிலேயே செதுக்கிவிடுவதுதான் இது. என் மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் கீறிக் காட்டுகிற அதே கதிர்ப் படம்தான்.

செதுக்குகிற கருவி எக்ஸைமர் லேசர். 193 நனோமீற்றர் அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிர். சுற்றியுள்ள இழையைச் சுடாமல், பட்ட இடத்தில் மூலக்கூறுகளின் பிணைப்பை மட்டும் அறுக்கும். உயிருள்ள இழையை இப்படிச் செதுக்கலாம் என்பதைக் கண்டறிந்த மூவரில் ஒருவர் ரங்கசாமி ஸ்ரீநிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து அமெரிக்கா போனவர். 1981 நவம்பரில், நன்றி நவிலல் விருந்துக்கு மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஐ.பி.எம். ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் அதன்மீது லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். வெட்டு சுத்தமாக இருந்தது, விளிம்பு கருகவில்லை. அவரோடு ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளும் இருவரும் வேலை செய்தார்கள். 1983இல் ஸ்டீபன் டுரோக்கல் என்ற கண் வைத்தியர் அதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தார். இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாய்திறந்து கேட்பார்கள். வான்கோழி எப்படி இருக்கும் என்றும் கேட்பார்கள்.

இனி வகைகள். லேசிக் என்பதுதான் எல்லாரும் கேள்விப்பட்ட பெயர். மீன் பேணியைத் திறக்கும்போது மூடி ஒரு பக்கத்தில் ஒட்டியபடி நிமிருமே, அதுபோல் கருவிழியின் மேற்படையை 100 முதல் 120 மைக்ரோன் கனத்தில் ஒரு மூடியாக வெட்டித் தூக்குவார்கள். (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) கீழே உள்ளதைச் செதுக்கிவிட்டு மூடியைத் திரும்ப வைப்பார்கள். தையல் இல்லை. வலி ஒரு நாளோடு சரி. மறுநாளே பலருக்குப் பார்வை தெளிந்துவிடும். லேசிக் இவ்வளவு பெயர் எடுத்ததற்குக் காரணமும் அதுதான். ஆனால் அந்த மூடி பழையபடி முழுப் பலத்தோடு ஒட்டுவதில்லை. பல வருடங்களின் பின்னும் கண்ணில் பலமாக அடிபட்டால் விலகிய சம்பவங்கள் உண்டு. வேலியடைக்கும்போது கதியால் தெறிக்கிற, மாடு தலையை உதறினால் கொம்பு முகத்துக்கு வருகிற ஊரில் இருக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கொழும்பில் கணினி முன் இருப்பவருக்குச் சொல்வதையே எங்களுக்கும் சொன்னால் போதாது.

பி.ஆர்.கே. இதைவிடப் பழையது. அதில் மூடி இல்லை. ஏறக்குறைய 50 மைக்ரோன் கனமான மேல்தோலை மட்டும் அகற்றிவிட்டு நேரே மேற்பரப்பைச் செதுக்குவார்கள். தோல் சில நாட்களில் தானே வளர்ந்து மூடும். அதுவரை கட்டுப் போடுவதுபோல ஒரு மெல்லிய கொன்டக்ட் லென்ஸை வைத்து அனுப்புவார்கள். வலி கூட, பார்வை தெளிய வாரங்கள் ஆகும். ஆனால் விலகுவதற்கு மூடி இல்லை, கருவிழியும் கூடுதலாக மிஞ்சும்.

என்னோடு படிப்பிக்கும் ஒரு ஆசிரியை போன டிசம்பரில் பி.ஆர்.கே. செய்தார். டிசம்பரை அவரே தேர்ந்தெடுத்தார். பாடசாலை விடுமுறை, மாரி மழையில் கிரவல் வீதித் தூசி அடங்கியிருக்கும், வெயிலும் குறைவு. செதுக்கிய கண்ணில் கடும் வெயில் பட்டால் தழும்புபோல் மங்கல் படியலாம் என்று சொல்லியிருந்தார்கள். கச்சான் காற்றுக் காலத்தில் செய்திருந்தால் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்க முடியாது. வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்து ஐந்து நாட்கள் அவரோடு நான் தங்கினேன். முதல் நாள் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் இரவு யன்னல் திரையை ஊசி குத்தி மூடச் சொன்னார். வாசல் கதவின் கீழால் வந்த வெளிச்சத்துக்கும் துவாய் வைத்தேன். மூடிய இமைகளுக்குள்ளிருந்து கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "மணலுக்குள்ள கொச்சிக்காய் கலந்து போட்ட மாதிரி" என்றார். கண்ணைத் தொடவே கூடாது. நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மருந்து விட வேண்டும், ஒரு துளிக்கும் மற்றதற்கும் இடையில் ஐந்து நிமிடம். நாலாம் நாள் காலையில் தானே எழுந்து தேநீர் ஊற்றினார். ஐந்தாம் நாள் லென்ஸைக் கழற்றினார்கள். பஸ் பலகை உடனே தெரியவில்லை. இரண்டாம் மாதம் முடியும்போது வகுப்பின் கடைசி வாங்கில் யார் கதைக்கிறார்கள் என்று தெரிகிறது என்றார். இப்போதும் கண் உலர்வுக்கு மருந்து விடுகிறார். மாங்குளம் வீதியில் இரவில் எதிர்வரும் வாகன வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிகிறதாம். குறைந்துகொண்டு வருகிறது, இன்னும் முழுக்கப் போகவில்லை. யானை கடக்கிற வீதி என்பதால் இருட்டினால் மோட்டார் சைக்கிள் ஓடுவதில்லை.

ஸ்மைல் என்பது பிந்தி வந்தது. அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது. கருவிழிக்கு உள்ளேயே லென்ஸ் வடிவில் ஒரு மெல்லிய வில்லையை லேசர் வெட்டும். பிறகு இரண்டு முதல் நான்கு மில்லிமீற்றர் வாசலால் அதை இழுத்தெடுப்பார்கள். மூடி கிடையாது, அறுபடும் நரம்புகளும் குறைவு. குறும்பார்வைக்கு நல்லது. நீள்பார்வைக்குப் பெரும்பாலும் லேசிக்கைத்தான் சொல்வார்கள். ஐ.சி.எல். லேசரே அல்ல. கருவிழியைச் செதுக்காமல், கண்ணின் சொந்த லென்ஸுக்கு முன்னால் இன்னொரு லென்ஸை உள்ளே வைப்பது. பவர் மிகக் கூடியவர்களுக்கும் கருவிழி மெலிந்தவர்களுக்கும் அந்த வழி உண்டு. செலவும் கூட.

இவற்றில் எது நல்லது என்றுதான் நானும் முதலில் கேட்டேன். தவறான கேள்வி. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு கொழும்புப் பயணங்கள் தேவைப்பட்டன.

முதல் இடத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே கண்ணை அளப்பதற்கு முன்னாலேயே விலைப்பட்டியலைக் கையில் தந்தார்கள். மூன்று வகை, மூன்று விலை, இந்த மாதம் கழிவு. முதல் நாள்வரை நான் கொன்டக்ட் லென்ஸ் போட்டிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. ஒரு படம் எடுத்தார்கள், சரி, வரும் வெள்ளிக்கிழமை செய்யலாம் என்றார்கள். கூட வந்த தம்பிக்கும் சேர்த்துச் செய்தால் விலை இன்னும் குறையும் என்றார்கள். தம்பிக்கு இருபத்தொரு வயது. அவன் துள்ளினான். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. கடையில் சேலை காட்டுவதுபோல இருந்தது.

இரண்டாவது இடத்தில் வைத்தியர் முதலில் கேட்டது லென்ஸைப் பற்றித்தான். கொன்டக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தை அழுத்தி மாற்றியிருக்கும், அந்த வடிவத்தை அளந்தால் பொய் அளவு வரும் என்றார். மென்மையான லென்ஸ் என்றால் இரண்டு கிழமை போடாமல் இருந்துவிட்டு வரச் சொல்லி, அன்று காசும் வாங்காமல் அனுப்பினார். முல்லைத்தீவிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வந்தவளுக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் அந்த மனுசரைக் கும்பிடலாம் போல இருக்கிறது.

இரண்டு கிழமை கழித்து ஒரு முழுப் பகல் அளந்தார்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு விழித்திரையின் ஓரம்வரை பார்த்தார்கள். குறும்பார்வை கூடியவர்களின் விழித்திரை மெலிந்து கிழியக்கூடும், லேசர் செய்து கண்ணாடி போனாலும் அந்த ஆபத்து போகாது என்று அப்போதுதான் அறிந்தேன். கண்ணீரின் அளவு பார்த்தார்கள். கடந்த ஒரு வருடத்தில் பவர் மாறியதா என்று பழைய துண்டுகளைக் கேட்டார்கள். கர்ப்பமா, பாலூட்டுகிறீர்களா, மூட்டுவாதம் போன்ற வருத்தம் உண்டா, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். கடைசியாகக் கருவிழியின் கனம். வலது 498, இடது 495 மைக்ரோன். சராசரி 540 அளவில் இருக்குமாம்.

நான் கணித ஆசிரியை. அவரிடம் ஒரு தாள் வாங்கிக் கழித்துப் பார்த்தேன். இடது கண்ணில் எனக்கு மைனஸ் ஐந்தேகால், கூடவே சிலிண்டரும் ஒரு பவர். சிலிண்டர் என்பது கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளையாததற்குக் கொடுக்கிற பவர். மொத்தம் ஆறேகால். ஒரு பவருக்கு ஏறக்குறைய 14 மைக்ரோன் வீதம் செதுக்கினால் 88. ஒரு தலைமயிரின் கனத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். லேசிக் மூடிக்கு 110. 495இலிருந்து இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 297. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பொது விதி, பல வைத்தியர்கள் 300க்குக் கீழே இறங்க விரும்புவதில்லை. பி.ஆர்.கே. என்றால் 495இல் மேல்தோல் 50ஐயும் செதுக்கும் 88ஐயும் கழிக்க 357 மிஞ்சும். போதுமான அளவு. அந்தத் தாளில் 357ஐச் சுற்றி வட்டம் போட்டேன். மனதுக்குள் டிசம்பர் விடுமுறையைக் குறித்துவிட்டேன்.

தம்பியையும் அன்று அளக்கச் சொன்னது நான்தான். பின்னேரம் வைத்தியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். திரையில் நான்கு வர்ணப் படங்கள். கருவிழியின் மேடு பள்ளத்தை நிறத்தில் காட்டுகிற படம் அது. சிலிண்டர் உள்ள கண்ணில் உடுக்கு மாதிரி ஒரு வடிவம் தெரியும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால் பயமில்லை. தம்பியின் படத்தில் உடுக்கே இல்லை. கீழ்ப் பக்கத்தில் சிவப்பாக ஒரே ஒரு வீக்கம்.

"கண்ணைக் கசக்கிற பழக்கம் இருக்கோ தம்பி?"

"ஓம் டொக்டர். தூசி பட்டா கடிக்கும்."

"ஒரு வருசத்துக்குள்ள எத்தினை தரம் கண்ணாடி மாத்தினீங்கள்?"

"ரெண்டு தரம்."

கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பாக முன்தள்ளுகிற வருத்தம். பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும். சிலிண்டர் அடிக்கடி ஏறும், கண்ணைக் கசக்குவது அதைக் கூட்டும். அந்தக் கண்ணில் லேசர் செதுக்கினால் மெலிந்த படலம் இன்னும் மெலிந்து, கூம்பு வேகமாகத் தள்ளும். கண்ணாடியாலும் திருத்த முடியாத நிலைக்குப் போய், கடைசியில் தானமாகக் கிடைக்கும் கருவிழியை மாற்றவும் வேண்டி வரலாம். அவனுக்கு வேண்டியது லேசர் இல்லை, இறுக்கும் வைத்தியம் என்றார் வைத்தியர். ரைபோபிளாவின் என்ற வைட்டமின் பி2 துளியைக் கண்ணில் ஊறவிட்டு, புற ஊதா ஒளியைக் காட்டுவார்கள். படலத்தின் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். அது பவரைக் கழற்றாது. கூம்பு மேலும் தள்ளுவதை நிறுத்தத்தான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். என் படத்தைக் காலையில் பார்த்தபோது சரியாகத்தான் தெரிந்தது என்றார். தம்பியுடையதைக் கண்ட பிறகு திரும்பப் பார்த்தாராம். உடுக்கின் கீழ்ப்பக்கம் மேல்பக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கூடப் பிறந்தவருக்கு இந்த வருத்தம், மெலிந்த கருவிழி, இந்தச் சின்ன வித்தியாசம். தனித்தனியாக என்றால் யோசிக்கலாம், மூன்றும் சேர்ந்தால் லேசர் வேண்டாம் என்றார். "ஐ.சி.எல். பற்றி ஆறுதலா யோசியுங்கோ. அவசரமில்லை."

வட்டம் போட்ட தாள் கையில் இருந்தது. கழித்தல் பிழையில்லை. கழித்தலுக்குள் வராத ஒன்றும் இருந்தது.

அழுதேன், மறைக்கவில்லை. பதின்மூன்று வயதிலிருந்து எண்ணியது. ஆனால் பஸ்ஸில் இரவு முழுக்க யோசித்தது என்னைப் பற்றி அல்ல. முதல் இடத்தில் அந்த வெள்ளிக்கிழமை வந்திருந்தால் தம்பி என்ன ஆகியிருப்பான் என்றுதான். அவன் என் தோளில் சாய்ந்து நித்திரையாகியிருந்தான்.

எங்கள் பாடசாலையில் இப்போது லேசரைப் பற்றி என்னிடம்தான் கேட்கிறார்கள். போன கிழமை நாற்பத்து மூன்று வயதான ஒரு ஆசிரியை கேட்டார். மைனஸ் மூன்று. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் விடைத்தாள் திருத்துகிறார், ஊசியில் நூல் கோர்க்கிறார். லேசர் செய்தால் தூரம் தெளியும். ஆனால் நாற்பதுக்கு மேல் வருகிற வெள்ளெழுத்தை அது நிறுத்தாது. இப்போது வெறுங்கண்ணால் செய்கிற இந்த வேலைகளுக்கெல்லாம் கண்ணாடி தேட வேண்டி வரும். அதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு மாணவியின் அண்ணன் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து செய்யப்போவதாகச் சொன்னார். அங்கும் நல்ல வைத்தியசாலைகள் உண்டு, போங்கள் என்றேன். முதல் நாள், ஐந்தாம் நாள், ஒரு மாதம், மூன்று மாதம் என்று திரும்பக் காட்ட வேண்டியவற்றை எங்கே காட்டுவீர்கள் என்பதையும் இப்போதே கேட்டுவையுங்கள் என்றேன். அளவெடுத்த படத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறேன். அது உங்கள் கண், உங்கள் படம். தரத் தயங்குகிற இடத்தில் கண்ணைக் கொடுக்காதீர்கள்.

தம்பிக்கு இறுக்கும் வைத்தியம் இரண்டு கண்ணுக்கும் முடிந்துவிட்டது. வற்றாப்பளை அம்மனுக்கு அம்மா வெள்ளியில் கண்மடல் நேர்ந்து வைத்திருந்தார். கிழவியாக வந்து மாடு மேய்த்த சிறுவர்களிடம் தலையைப் பார்க்கச் சொன்னவள், தலை முழுக்க ஆயிரம் கண்ணோடு இருந்தவள் அவள். வைகாசிப் பொங்கலுக்குப் போய் நேர்த்தியைத் தீர்த்தோம். தம்பி இப்போது கண் கடித்தால் கசக்குவதில்லை. ஈரத் துணியை மடித்து இமைமேல் வைத்துக்கொண்டு இருப்பான். சில வேளை நித்திரையில் கை கண்ணுக்குப் போகும், அம்மா எழும்பி எடுத்துவிடுவார்.

வரும் 14ஆம் திகதி அவனுக்கு ஆறாம் மாத அளவீடு. எனக்கும் அன்றே வருடப் படம். இரவு பஸ்ஸுக்கு ஆசனம் பதிந்தாயிற்று. நேற்று அம்மா அலுமாரியைத் திறந்து பையை வெளியே எடுத்தார். உறுதிக்கும் சான்றிதழ்களுக்கும் பக்கத்தில் இப்போது இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் என் பெயர், மற்றதில் தம்பியின் பெயர், பிளாஸ்டர் ஒட்டி நீலப் பேனையால் எழுதியிருக்கிறார்.